ஏ.சி. அறையில் சாம்பிராணி

மே 4, ஞாயிறு

ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக முப்பத்தொரு வருஷம் ஜர்னல் எழுதியவன் நான். எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நின்றோம், எத்தனை நிமிஷம் தாமதம், ஏன் தாமதம் என்று எல்லாம் எழுத வேண்டும். ஓய்வு பெற்றபின் எழுத ஒன்றும் இல்லாமல் கை சும்மா கிடந்தது. இப்போது கருமண்டபத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் புது வண்டி வந்திருக்கிறது. எடை மூன்று கிலோ நானூறு. ஆகவே மறுபடியும் ஜர்னல்.

வண்டியின் விவரம்: என் ஒரே மகள் வான்மதியின் பெண் குழந்தை, பிறந்து இருபத்தாறு நாள். பெயர் இனிமேல்தான். இப்போதைக்குப் பாப்பா.

மாப்பிள்ளை வீடு திருப்பூர். ஆஸ்பத்திரியிலேயே சம்பந்தி ராஜாமணி அம்மாள் கொடி பிடித்தார். "பொம்பளை இல்லாத ஊட்டுல புள்ளை பெத்தவள எப்படீங்க பாத்துக்குவீங்க?" என்றார். என் மனைவி திலகம் போய் நாலு வருஷமாகிறது. அதற்காக என் பெண்ணுக்குத் தாய்வீடு இல்லை என்று ஆகிவிடுமா? விடவில்லை நான். மூன்று மாசம் இங்கேதான் என்று சாதித்துவிட்டேன். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். "புள்ளைக்கு ஒரு இருமல் கேட்டாப் போதும், அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவனுங்க." சரி என்றேன். மூன்று மாசம் இந்த வண்டியைப் பழுதில்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இன்று கத்திரி ஆரம்பம். திலகத்துக்காக வாங்கிய ஏ.சி.யை நாலு வருஷம் கழித்துப் போட்டேன். நன்றாகக் குளிர்கிறது.

7.00 குளியல். வான்மதி காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்ட, நான் வெந்நீர் எடுத்துக் கொடுத்தேன். 7.20 சாம்பிராணி. புகை வீணாகக் கூடாது என்று ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிட்டேன். புழுங்குமே என்று ஏ.சி.யை நிறுத்தவில்லை. 8.15 கேஸ் சிலிண்டரை மூடினேன். இரண்டு முறை பார்த்தேன்.

மத்தியானம் வான்மதி, "அப்பா, ஏ.சி.ல ஏதோ நாத்தம் வருது. ஈர சாக்ஸ் மாதிரி" என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு ஜலதோஷம்.

மே 6, செவ்வாய்

5.50 பால். பால் பாக்கெட் எதுவும் மறுநாளைக்கு இல்லை என்பது இந்த வீட்டுச் சட்டம். மிச்சம் இருந்தால் கொட்டிவிடுவேன். வான்மதிக்கு மனசே ஆறவில்லை. "நல்ல பாலுப்பா, மோந்து பாருங்க" என்று பின்னாலேயே வந்தாள். அதற்குள் கொட்டியாகிவிட்டது.

பத்து மணிக்கு அடுப்படியில் ஏதோ காய்ச்சிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னால் கேட்டால்தானே. சின்னக் கிண்ணத்தில் எண்ணெய். என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

பார்த்தேன். "தேங்காய் எண்ணெய்" என்றேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. "ஆமாப்பா, பாப்பா தலைக்கு" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை பெற்றவள், எதற்கும் முகம் வாடும். இதற்கெல்லாம் காரணம் எழுத முடியாது.

8.20 சிலிண்டர் மூடியது.

மே 7, புதன்

மத்தியானம் வான்மதி தூங்குவதற்காகக் குழந்தையை என் நெஞ்சில் போட்டுவிட்டாள். ஏ.சி. மெதுவாக முனகுகிறது. திரைச்சீலை வழியே வெளிச்சம் பச்சையாக இறங்குகிறது. குழந்தையின் மூச்சு என் கழுத்தில் படுகிறது. எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியாது. (1.40 இருக்கலாம்.)

கூட்ஸ் வண்டிக் கடைசியில் கார்டு போகும் பிரேக் வேனில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஐம்பது வேகன். எதிலும் சரக்கு இல்லை, எல்லாவற்றிலும் வெள்ளைத் துணி அடுக்கியிருந்தது. வேனுக்குள் என் டிரங்குப் பெட்டியின் மேல் திலகம் உட்கார்ந்திருந்தாள், எனக்கு முதுகு காட்டி. கார்டு வேனில் குடும்பத்தாரை ஏற்றக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கூந்தலை அவிழ்த்தாள். அந்த எண்ணெய் வாசனை.

அவளுக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் தொந்தரவு. அதற்காக அவளே ஏதோ போட்டுக் காய்ச்சித் தேய்த்துக்கொள்வாள். என்ன போட்டாள் என்று முப்பது வருஷத்தில் ஒரு நாள் கேட்டேனா? இல்லை. வாசனை வந்தால் அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். அது போதுமானதாக இருந்தது.

விழித்தபோது வாசனை இல்லை. குழந்தை மட்டும் அப்படியே கிடந்தது. மணி 2.25.

மே 9, வெள்ளி

"இன்னிக்கு சாக்ஸ் இல்லப்பா, புளிச்ச மாவு" என்றாள் வான்மதி. ஃபிரிட்ஜில் இருந்த மாவைத் தேடி எடுத்து எறிந்தேன். நல்ல மாவை எறிந்துவிட்டேன் என்று ஒரு சின்ன சண்டை.

நாற்றத்தை விரட்டச் சாம்பிராணியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? இன்று முதல் காலை மாலை இரண்டு வேளை. திலகம் எவ்வளவு போடுவாள் என்று தெரியாது. புகை நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற வரை நான் போடுகிறேன். இன்று எதிர்ச்சுவர்க் காலண்டர் மறைகிற அளவுக்கு வந்தது. திருப்தி.

மே 10, சனி

ஜலதோஷம் இன்னும் விடவில்லை.

மே 13, செவ்வாய்

வான்மதிக்கு இன்று சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, நம்ம ரூம் இப்ப கோயிலு மாதிரி வாசனையா இருக்கு. ஆனா ஒரு வருஷமா பூசாரி வராத கோயிலு. உள்ள வௌவால் மட்டும்தான் இருக்கு."

இருட்டுப் பிராகாரத்தில் வௌவால் எச்சமும் பழைய புகையும் கலந்து வருமே, அது எனக்குத் தெரியும். நினைத்துப் பார்க்க முடிகிறது. யாராவது பெயரைச் சொன்னால் அந்த இடத்துக்குப் போய் நின்றுகொள்ள முடிகிறது. ஈர சாக்ஸ் என்றால் ஈரோடு ரன்னிங் ரூம், ஓய்வெடுக்க வந்து ஷூவைக் கழற்றிப்போட்ட முப்பது கார்டுகள். புளித்த மாவு என்றால் மழைக்கால அடுப்படி. அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு இடமாகப் போய்விட்டு வருகிறேன். நல்ல பொழுதுபோக்குதான்.

சாம்பிராணி மூன்று வேளை ஆக்கினேன்.

மே 15, வியாழன்

வெளியே அனல். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மத்தியானம் பாப்பா நெஞ்சில். ஏ.சி. முனகல். மறுபடியும் பிரேக் வேன், மறுபடியும் திலகம், இந்த முறை பேசினாள். "சிக்னல் விழுந்தாச்சா?" என்று கேட்டாள். விழுந்தாச்சு என்றேன். பொய். எனக்கு சிக்னல் தெரியவே இல்லை. முன்னால் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்த எண்ணெய் வாசனை வேன் முழுக்க நிறைந்திருந்தது.

குழந்தை இருமியதில் விழித்துக்கொண்டேன். ஒரே ஒரு இருமல். மணி 2.50.

மே 16, வெள்ளி

ஐந்து இருமல். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருக்கிறேன்.

மே 17, சனி

வான்மதி யாரையோ விசாரித்து ஏ.சி. மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள். ஒரு பெண். பெயர் ஜெசிந்தா, முப்பது வயசிருக்கும். தோளில் பம்பு, கையில் குழாய். பொம்பளைப் பிள்ளை ஏணி ஏறுமா என்று நினைத்தேன். சரசரவென்று ஏறிவிட்டது.

மூடியைக் கழற்றியதும், "சார், இத எத்தன வருஷமா திறக்கல?" என்றாள்.

"நாலு வருஷம் போடவே இல்லைம்மா."

"போடாட்டியும் தூசி போய் உக்காரும். அது மேல இப்ப ஈரம். உள்ள கம்பி கம்பியா இருக்கு பாருங்க, குளிரும்போது அதுல தண்ணி வேர்க்கும். தூசியும் ஈரமும் சேந்தா பூஞ்சை. அதான் சாக்ஸ் நாத்தம். தண்ணி போற குழாயும் அடச்சிருக்கு, தண்ணி தேங்கிப் புளிக்குது." பிறகு விரலால் உள்ளே தொட்டுக் காட்டினாள். பழுப்பாகப் பிசின். "இது என்ன சார்? ரூம்ல என்ன கொளுத்துறீங்க?"

"சாம்பிராணி. குழந்தைக்கு."

"ஏ.சி. ஓடும்போதா?"

தலையை ஆட்டினேன்.

"அய்யய்யோ. புகைய இது உள்ள இழுக்கும் சார். ஈரக் கம்பில போய் அப்பிக்கும். அப்புறம் நாள் முழுக்க அதையே திருப்பி ஊதும். நாத்தம்னு நீங்க இன்னும் போடப் போட, அது இன்னும் நாறும். பச்சப்புள்ள இருக்கிற ரூம்பு வேற."

ஏணிக்குக் கீழே பிளாஸ்டிக் ஷீட்டில் கறுப்புத் தண்ணீர் ஓடியது. ஒன்றரை மணி நேரம் கழுவினாள். நடுவே பாத்ரூமிலிருந்து ஏ.சி.யின் வலைச் சல்லடை ஒன்றை எடுத்துவந்து, "மோந்து பாருங்க சார், எப்படி இருக்குன்னு" என்று நீட்டினாள்.

மோந்தேன். "சகிக்கலைம்மா" என்றேன்.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். சல்லடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதை மாட்டிவிட்டு, போகும்போது வாசலில் வான்மதியிடம் தணிந்த குரலில் ஏதோ பேசிவிட்டுப் போனாள். வெயிலில் வந்த களைப்பு. மோர் கொடுத்திருக்கலாம்.

சாம்பிராணி நிறுத்தம். இருமல் பதினொன்று.

மே 18, ஞாயிறு

வான்மதிக்குப் புதுப் பழக்கம். இருந்த இடத்திலிருந்தே வாசனை நிலவரம் வாசிக்கிறாள். "அப்பா, பால் பொங்கப் போற வாசனை வருது." "அப்பா, கீழ் வீட்டுல மீன் பொரிக்கிறாங்க, நம்ம அடுப்பு இல்ல, எந்திரிக்காதீங்க." "அப்பா, ரூம் இப்ப சுத்தமா இருக்கு, ஒரு நாத்தமும் இல்ல." வண்டி வரலாம் என்று அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் க்ளியர் வருவது மாதிரி ஒவ்வொன்றாக வருகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு மூக்கு கூர்மையாகும் போல.

மாலை திருப்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். சரியாக அப்போதுதானா குழந்தை இரும வேண்டும்? மூன்று தரம் இருமியது. சம்பந்தி அம்மாள் முகம் திரையில் பெரிதாக வந்தது. "வெள்ளிக்கிழமை வர்றனுங்க" என்று வைத்துவிட்டார்.

மே 19, திங்கள்

டாக்டரிடம் போனோம். நெஞ்சில் சளி இல்லை. புகைதான் காரணம், பூஞ்சைக் காற்றும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், ஏ.சி.யைச் சுத்தம் செய்தது நல்லது, இனி குழந்தைப் பக்கமே புகை கூடாது என்றார். "வீட்ல யாரும் சிகரெட் பிடிக்கிறாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றேன். ஆமாம் என்று சொல்வதைவிட அது கேவலமாக இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது வான்மதி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சின்ன வயசில் ரோடு கடக்கும்போது பிடித்த மாதிரி.

மே 20, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். ஜர்னலில் பொய் எழுதிய கார்டு என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

எனக்கு ஜலதோஷம் இல்லை. எனக்கு வாசனை வராது. நாலு வருஷமாக.

அந்தக் காய்ச்சல் எனக்கும் திலகத்துக்கும் ஒரே நாளில் வந்தது. எனக்கு மூன்றாம் நாள் காபி வெந்நீரானது. ஐந்தாம் நாள் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏற்றும்போது அவள் போர்த்தியிருந்த போர்வை என் கைக்கு வந்தது. அதை முகத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. துணி. வெறும் துணி. காய்ச்சல் போனால் வந்துவிடும் என்றார்கள். காய்ச்சல் போயிற்று, அவளும் போனாள், வாசனை வரவில்லை. அவள் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு மூக்கு போயிற்று என்று யாரிடம் சொல்வது? வெட்கமாக இருந்தது. அப்படியே பழகிவிட்டது. வான்மதி கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. திருப்பூரில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?

இந்த மூக்கு என்ன மூக்கு! மணப்பாறைக்கு முன்னால் ஒரு நாள், நாற்பதாவது வேகனில் அச்சு சூடாகி எரிந்தது. புகை தெரிவதற்கு முன்பே, கடைசி வேனில் நின்ற எனக்கு வாசனை வந்துவிட்டது. நான்தான் வண்டியை நிறுத்தினேன். டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டான். அந்த மூக்கை வைத்துக்கொண்டு இப்போது என் பேத்தியின் அறையில் பதிமூன்று நாள் புகை போட்டிருக்கிறேன். புகையைக் கண்ணால் அளந்தேன். எனக்கு வேறு அளவு இல்லை.

சம்பந்தி அம்மாளுக்குத் தெரிந்தால் விடுவாரா? வாசனை தெரியாதவன் கேஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டில் பச்சைக் குழந்தையா என்பார். நியாயம். சொல்லாமல் இருந்தால் இன்னும் ஐம்பது நாள் எனக்குக் கிடைக்கும். மத்தியானங்கள் கிடைக்கும். அந்த நெஞ்சுப் பாரம் கிடைக்கும்.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 8.20 சிலிண்டர் மூடியது. இரண்டு முறை. இல்லை, மூன்று முறை.

மே 22, வியாழன்

இருமல் ஒன்று. மத்தியானம் அதே கனவு. திலகம் திரும்பவே இல்லை. வாசனை மட்டும்.

மே 23, வெள்ளி

காலை 11.05க்குச் சம்பந்தி அம்மாள் வந்தார். வண்டி இருபது நிமிஷம் தாமதமாம், அதற்கும் என்னையே முறைத்தார். ஒரு பெரிய பை நிறையப் பூண்டு, கருப்பட்டி, பருத்தித் துணி. நேரே குழந்தை அறைக்குப் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். நான் கதவருகே நின்றேன். இன்ஸ்பெக்ஷனுக்கு நின்ற காலம் ஞாபகம் வந்தது.

"ரூமு சுத்தமாத்தானுங்க இருக்குது" என்றார். "பொறவு எப்படீங்க சம்பந்தி புள்ளைக்கு இருமலு வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வான்மதி, "நான்தான் அத்தை. சாம்பிராணி அதிகமாப் போட்டுட்டேன். ஏ.சி. ஓடும்போது போடக் கூடாதாம், தெரியல" என்றாள்.

"நீயா? ஏம்புள்ள, மூச்சு முட்டற அளவுக்குப் போட்டு வெச்சிருக்கற, நாத்தம் தெரியலியா? உனக்கு மூக்கு இல்லியா?"

வான்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியல அத்தை."

அவளுக்குத் தெரியாதா? ஈர சாக்ஸ், புளித்த மாவு, வௌவால் என்று ஒவ்வொரு நாளும் பெயர் வைத்தவள். மாமியார் முன்னால் மூக்கில்லாதவளாக நிற்கிறாள். எதற்காக? அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு எல்லாம் தெரியும். எப்போதிருந்து என்று தெரியவில்லை, ஆனால் தெரியும். வாசனை நிலவரம் வாசித்தது எனக்காக.

வண்டி ஓடக் கூடாது என்று தெரிந்தால் கார்டுதான் சிவப்பு காட்ட வேண்டும். அது தன் சொந்த வண்டியாக இருந்தாலும்.

"மூக்கு இல்லாதது அவளுக்கு இல்லைங்க சம்பந்தி, எனக்கு" என்றேன். "நாலு வருஷமா வாசனை வராது. சாம்பிராணி போட்டது நான். இவ சொல்லச் சொல்ல நாத்தம் இல்லைன்னு சாதிச்சதும் நான். மறைச்சுட்டேன். நீங்க குழந்தையைக் கூட்டிட்டுப் போறதுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஏ.சி. முனகியது. வான்மதி அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது, எழுதுவதற்கென்ன.

சம்பந்தி அம்மாள் அடுப்படிக்குப் போனார். போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார். சிலிண்டர் பக்கத்துச் சுவரில் நான் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தார். நாலு வருஷத்துத் தாள்கள், ஒன்றன் மேல் ஒன்றாக: மூடிய நேரம், திறந்த நேரம்.

"இத்தன நாளும் இப்படித்தானுங்களா?"

"ஆமாங்க. கை வச்சுப் பார்ப்பேன். ரெண்டு முறை."

அடியில் இருந்த தாள்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "எங்க ஊட்டுல அஞ்சு பேருக்கும் மூக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "ஒருத்தன், ஒரு நாளைக்கு, அந்த சிலிண்டர மூடிப்போட்டுப் படுத்தான்னு இல்லீங்க."

பிறகு காபி போட்டார். மூன்று பேருக்கும். எனக்குக் கொடுக்கும்போது, "சர்க்கரை தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்பறம் என்னங்க" என்றார்.

ஒரு வாரம் இங்கே இருக்கப் போகிறாராம். அதன் பிறகு குழந்தை ஆடி பிறக்கும் முன் திருப்பூர் வந்தால் போதுமாம்.

8.25 சிலிண்டர் மூடியது. நான் போவதற்குள் அவரே மூடிவிட்டுத் தாளில் எழுதியும் வைத்திருந்தார்.

ஜூன் 1, ஞாயிறு

சம்பந்தி அம்மாளை ரயிலேற்றிவிட்டேன். இருமல் இல்லை, நாலு நாளாக.

ஜூன் 8, ஞாயிறு

பாப்பா இன்று என்னைப் பார்த்துச் சிரித்தது. வாயுவாக இருக்கும் என்கிறாள் வான்மதி. இருக்கட்டும். வாயுவுக்கும் நேரம் குறித்தேன்: 9.42.

மத்தியானக் கனவு. வேனில் திலகம் இப்போது என் பக்கம் பாதி திரும்பியிருக்கிறாள். காது தெரிகிறது. தோடு தெரிகிறது. வாசனை முன்பைவிட அருகில். வண்டி எங்கும் நிற்கவில்லை, எங்கும் நிற்க வேண்டியும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

ஒரு வாரமாகக் கனவு இல்லை. குழந்தை நெஞ்சில்தான் தூங்குகிறது. ஏ.சி.யும் முனகுகிறது. நானும் தூங்குகிறேன். வெறும் தூக்கம். வான்மதியிடம் இதைச் சொன்னேன், சும்மா பேச்சுவாக்கில். என்ன கனவு என்று கேட்டாள். மழுப்பிவிட்டேன்.

ஜூன் 21, சனி

மத்தியானம் திலகம் வந்துவிட்டாள். காலை பத்து மணிக்கு வான்மதி அடுப்படியில் ஏதோ காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஜெசிந்தா மறுபடி வந்தாள். ஏ.சி.யைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாள். சல்லடையைக் கழுவி என்னிடம் நீட்டினாள். "இப்ப சொல்லுங்க சார்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "நீயே சொல்லு."

"ஒண்ணுமே இல்ல சார். அன்னிக்கும் கழுவிட்டுத்தான் நீட்டினேன், இப்படித்தான் இருந்துச்சு" என்று சிரித்தாள். இந்த முறை மோர் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலை 9.30க்கு மாப்பிள்ளை கார் எடுத்து வந்தார். சாமான் ஏற்ற நாற்பது நிமிஷம். மூன்று கிலோ நானூறாக வந்த வண்டி ஐந்து கிலோ எழுநூறாகக் கிளம்புகிறது. கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அந்தத் தலை என் தாடைக்குக் கீழே சரியாகப் பொருந்துகிறது. இனி வளர்ந்துவிடும், பொருந்தாது.

10.20 புறப்பாடு. தெருமுனை திரும்பும் வரை கையைத் தூக்கியே வைத்திருந்தேன். பழக்கம். கடைசி ஆள் எல்லாம் சரி என்று காட்ட வேண்டும்.

மத்தியானம் ஏ.சி. போடவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்று எழுத நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் என் கையெழுத்து இல்லை, வான்மதியுடையது. அப்படியே விட்டுவைக்கிறேன்:

அப்பா, நீங்க தூங்கும்போது இதை முழுக்கப் படிச்சுட்டேன். தப்புதான், திட்டிக்குங்க.

மே 6 அன்னைக்கு ஒரு கிண்ணம் நீட்டினேனே, அது அம்மாவோட எண்ணெய். தேங்காய் எண்ணெய்ல ஓமம் போட்டு, அதே இரும்புச் சட்டியில காய்ச்சி வடிகட்டினது. பாப்பாவுக்குச் சளி பிடிக்காதுன்னு செஞ்சேன். உங்க கண்ணு கலங்கும்னு நினைச்சு நீட்டினேன். நீங்க "தேங்காய் எண்ணெய்"னு சொன்னீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் நானே அந்த ரூம்ல உக்காந்து உங்க சாம்பிராணிப் புகையை முழுங்கிட்டு இருந்தேன், வேண்டாம்னு சொன்னா உங்க மனசு உடைஞ்சுடும்னு. பாப்பாவுக்கு இருமல் வந்தது என் தப்பும்தான். உங்க ஜர்னல்ல அதையும் சேர்த்துக்குங்க.

தினமும் அந்த எண்ணெயை பாப்பா தலையில வெச்சுட்டுத்தான் உங்க நெஞ்சுல போட்டேன். முதல்ல, வாசனை வருதான்னு பார்க்க. அப்புறம், நீங்க தூக்கத்துல மூச்சை இழுத்து இழுத்துச் சிரிச்சீங்க, அதுக்காக. ஜூன்ல ஒரு வாரம் எண்ணெய் தீர்ந்துபோச்சு. அந்த வாரம் நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு நீங்களே திருப்பிப் பாருங்க.

அப்பா, அது கனவு மட்டும் இல்ல.

ஜூலை 15, செவ்வாய்

ஓமம் ஐம்பது கிராம். தேங்காய் எண்ணெய் அரை லிட்டர். சட்டி அலமாரியில் இருந்தது. காய்ச்சியது 11.10. கருகவிட்டு ஒரு முறை கொட்டினேன், இரண்டாவது முறை சரியாக வந்தது என்று நிறத்தை வைத்து நினைக்கிறேன். சிலிண்டர் மூடியது 11.40. இரண்டு முறை.

தலையணையில் கொஞ்சம் தடவியிருக்கிறேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஏ.சி. இருபத்தாறில்.

1.30 படுக்கப் போகிறேன்.